பதினாலில் நின்றவர்

காலை 10.40. மூன்று கட்டு நூடுல்ஸ். கோதண்டபாணி அவற்றைச் சமையல் மேடையில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துவிட்டு, மூன்றுதானா என்று இன்னொரு முறை எண்ணிப் பார்த்தார். மூன்றுதான். சாம்பலும் பழுப்புமாக, துடைப்பக் குச்சியை மெலிதாகச் சீவிக் கட்டியதுபோல இருந்தன. ஓர் ஆளுக்கு ஒரு கட்டு என்று கொரியச் சாமான் கடையில் சொல்லியிருந்தார்கள். மகள் சம்யுக்தாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை முடிந்து சாயங்காலம் வரும் மனைவி கலாவதிக்கு ஒன்று. அவள் தொடமாட்டாள், ஆறிப்போனதை யார் தின்பார்கள் என்பாள். செவ்வாய்க்கிழமை இந்த நேரத்தில் வீட்டில் இருப்பது இந்தப் பதினெட்டு வருடத்தில் எத்தனை தடவை நடந்திருக்கும்? மாமனார் செத்த அன்று. அம்மை போட்டிருந்த பதினோரு நாளில் ஒன்றோ இரண்டோ. இன்று. லீவு விண்ணப்பத்தில் காரணம் என்ற கட்டத்தில் "கோர்ட் சாட்சி" என்று எழுதிக் கொடுத்தார். மனிதவளப் பிரிவு ஜெயசீலன் அதைப் படித்துவிட்டுப் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. "தாராளமா போய்ட்டு வாங்க சார். ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்க. ஞாபகம் இல்லாததை எதுக்குச் சொல்லணும்?" என்று சிரித்த முகத்தோடு முத்திரை குத்தினான். அந்தச் சிரிப்பு நேற்று சாயங்காலத்திலிருந்து செருப்படியில் ஒட்டிய பபுள்கம் மாதிரி கூடவே வருகிறது. மதியம் இரண்டேகாலுக்குச் சென்னையில் தொழிலாளர் நீதிமன்றம். பதினொன்றரைக்கு ஏகாம்பரம் வண்டியோடு வந்துவிடுவான். அங்கே கூண்டில் ஏறி ஒரே ஒரு வாக்கியம் சொல்லவேண்டும்: கம்பெனியில் லைன் ஓடாத அந்த நாலு நிமிடம் இருபது விநாடி பதினாலாம் ஸ்டேஷனில் நின்றது ஏகாம்பரம் இல்லை, நான். சொன்னால் ஏகாம்பரத்துக்கு வேலை திரும்பக் கிடைக்கலாம். சொன்னால், நாலு வருடத்துக்கு முன்னால் கம்பெனி விசாரணையில் வேறு மாதிரி சொல்லிக் கையெழுத்தும் போட்ட டீம் லீடரைக் கம்பெனி என்ன செய்யும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் கலாவதி தலைவாரிக்கொண்டே, "உண்மையைச் சொல்லிடுங்க. ஆனா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். இரண்டையும் எப்படிச் சேர்த்துச் செய்வது என்று அவர் கேட்பதற்குள் பஸ் பிடிக்க ஓடிவிட்டாள்.

நூடுல்ஸ் சம்யுக்தாவின் யோசனை. ஒன்பதாவது போகப்போகிறவள், பரீட்சை லீவு, போனில் பார்ப்பதெல்லாம் கொரிய நாடகம். அதில் அழுகிறவர்களும் சாப்பிட்டுக்கொண்டேதான் அழுகிறார்கள். "நீ கொரியாவுக்கே போயிட்டு வந்த ஆளு. ஒரு தடவையாவது செஞ்சு குடுத்திருக்கியாப்பா?" என்று ஒரு மாதமாக நச்சரிப்பு. வேறு எந்த நாளாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று தள்ளியிருப்பார். இன்று காலை ஏழு மணிக்கே, "இன்னிக்குச் செய்யலாம்" என்றார். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. சும்மா உட்கார்ந்தால் கை முழங்காலைத் தேய்க்க ஆரம்பித்துவிடுகிறது. கிண்ணத்தில் சிவப்பு மிளகாய் விழுது மூன்று கரண்டி, மிளகாய்த் தூள் ஒன்று, காடி இரண்டு, சர்க்கரை இரண்டு, சோயா சாஸ் ஒன்று, நசுக்கின பூண்டு. "வீடியோல அந்த அம்மா அளவே பார்க்கல. நீ என்னமோ கஷாயம் போடற மாதிரி கலக்கற," என்றாள் சம்யுக்தா. அளவு பார்க்காமல் அவருக்குக் கை வராது. லைனில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தலைக்கு மேலே ஒரு தாள் தொங்கும்: முதலில் எதை எடுக்க வேண்டும், எந்தக் கையால் எடுக்க வேண்டும், எத்தனை விநாடி. பேரிக்காயைத் துருவிப் போடவேண்டும் என்று ஞாபகம். கிடைத்த பேரிக்காய் கல் மாதிரி இருந்ததால் ஆப்பிளைத் துருவினார். நல்லெண்ணெய் பாட்டிலைத் திறந்து முகர்ந்ததும் இது அது இல்லை என்று மூக்கு சொன்னது. அங்கே எள்ளைக் கருகக் கருக வறுத்துத்தான் ஆட்டுவார்கள். கொரியாவில் கிம்ஹேயில் பயிற்சிக்குப் போயிருந்த மூன்று மாதமும் தங்கியிருந்த தெருவில் அந்த வாசனைதான். இரண்டாயிரத்து ஆறு, ஆகஸ்ட், வெயில் நம் ஊர் மாதிரியே. அப்போது அங்கே ஃபோர்மேனாக இருந்த குவோன் சார்தான் முதல் நாள் மதியம் தோளில் கை போட்டு ஒரு சந்துக்குள் கூட்டிப்போய் இதை வாங்கிக் கொடுத்தார். ஐஸ் மிதக்கும் கிண்ணம், மேலே சிவப்பு விழுது, அரை முட்டை, வெள்ளரிக்காய்ச் சீவல். முதல் வாய்க்குச் சில்லென்று இருந்தது, ஐந்தாவது வாயில் காது எரிந்தது. "தொங்செங்" என்றார் குவோன் சார். தம்பி என்று அர்த்தம். முப்பத்து மூன்று வயதில், ஊர் பேர் தெரியாத இடத்தில், ஒருவர் தம்பி என்று கூப்பிட்டால் கண் கலங்காதா? கலங்கியது. காரம் என்று நினைத்துக்கொண்டு தண்ணீரை நகர்த்தினார் குவோன் சார். இப்போது எள்ளை வாணலியில் போட்டுக் கருகும் முன் இறக்கி, அம்மிக் குழவி இல்லாததால் டம்ளர் அடியால் நசுக்கி எண்ணெயில் போட்டார். வாசனை கிட்டத்தட்ட வந்துவிட்டது. அடுப்பை ஒட்டிய ஜன்னலை உடனே திறந்தார்.

தண்ணீர் கொதித்ததும் இரண்டு கட்டைப் பிரித்துப் போட்டார். மூன்றரை நிமிடம். அதற்கு மேல் ஒரு விநாடிகூட வைக்கக்கூடாது என்று பாக்கெட்டில் படம் போட்டிருந்தது. போனில் நேரம் வைக்கவில்லை, அவருக்கு அது எதற்கு? அவர் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடும், ஐம்பத்திரண்டு விநாடிக்கு ஒரு தட்டு. ஐம்பத்திரண்டு விநாடிக்கு ஒரு பிரேக் செட் லைனிலிருந்து வெளியே போகவேண்டும். நுரை ஏறியது, கரண்டியால் தட்டிவிட்டார். இருபத்திரண்டு ஸ்டேஷன். பதினாலில் குழாய் நட்டை முறுக்கும் வேலை. முறுக்கும் துப்பாக்கியில் பச்சை விளக்கு எரிந்தால் சரி, சிவப்பு எரிந்தால் தப்பு. தலைக்கு மேல் ஒரு மஞ்சள் கயிறு ஓடும். யார் தப்பைப் பார்த்தாலும் அதைப் பிடித்து இழுக்கவேண்டும், லைன் நிற்கும், பலகையில் ஸ்டேஷன் எண் எரியும். ஆளின் பெயர் எங்கேயும் வராது. ஆள் மாறுவார், ஸ்டேஷன் மாறாது என்று கிம்ஹேயில் குவோன் சார் கரும்பலகையில் படம் வரைந்து காட்டியிருந்தார். யாராவது ஒன்றுக்குப் போகவேண்டும் என்றால் தன் எண் எழுதிய மரக்கட்டையை டீம் லீடர் கையில் கொடுத்துவிட்டுப் போவார், திரும்பி வரும்வரை லீடர் அங்கே நிற்பார். 2015 ஜூலை 16, வியாழக்கிழமை, பதினொன்று எட்டு. ஏகாம்பரம் கட்டையைக் கொடுத்தான். "லீடரே, காலைல சாப்பிட்டது சரியில்ல, கொஞ்சம் லேட்டாகும்," என்றான். நின்றார். மூன்றாவது செட்டில் சிவப்பு எரிந்தது. அதற்குள் செட் பதினைந்துக்கு நகர ஆரம்பித்துவிட்டது. அப்படியே விட்டிருந்தால் எந்த ஊர் ரோட்டிலோ எவன் காரிலோ அந்த நட்டு கழன்றிருக்கும். இழுத்தார். இழுத்தது சரிதான். இத்தனை வருடத்தில் அவர் செய்த வேலைகளில் சந்தேகமே இல்லாமல் சரியான வேலை அதுதான். ஆனால் அன்றைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆறு பேர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு தரையில் கிழித்த மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நட்டைக் கழற்றி, திருகுப் புரியைச் சுத்தம் பண்ணி, மறுபடி முறுக்கிப் பச்சை வாங்குவதற்குள் நாலு நிமிடம் இருபது விநாடி. இங்கே ஜெனரல் மேனேஜராக வந்திருந்த குவோன் சாரின் கழுத்து பின்பக்கமாகச் சிவந்துகொண்டே வந்தது அவருக்குத் தெரிந்தது. ஏகாம்பரம் ஈரக் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டே ஓடிவந்து, "என்னாச்சு லீடரே?" என்று கேட்டான். "ஒண்ணுமில்ல, நில்லு" என்று கட்டையை அவன் கையில் திணித்தார். கட்டை ஈரமாகிவிட்டது. அதுவரை ஒன்றும் இல்லைதான். பதிவேட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். ஆனால் அந்த மாதம் முழுவதும் ஏகாம்பரம் கேன்டீனில் சங்கம் பதிவு செய்வதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தான். கம்பெனி எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் பெயர் அடிபட்டது. அவனை அனுப்ப ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள். காரணம் பலகையில் பதினாலு என்று எரிந்துகொண்டிருந்தது.

"அப்பா! என்னப்பா இது?" சம்யுக்தா அவர் கைக்குக் கீழே கையை விட்டு அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தில் நூடுல்ஸ் இருந்தது என்று சொல்ல முடியாது. களி இருந்தது. கடிகாரம் பத்து ஐம்பத்தொன்பது. எத்தனை மணிக்குப் போட்டோம் என்று யோசித்தார், தெரியவில்லை. உடம்புக்குள் ஓடும் கடிகாரமாம். வடிதட்டில் கொட்டினால் ஒரே உருண்டையாக விழுந்தது. "இதை ஒட்டுறதுக்கு வேணா வெச்சுக்கலாம். சுவத்துல போஸ்டர் ஒட்டலாம்," என்றாள். அவள் தாத்தாவும் இப்படித்தான், செத்த வீட்டிலும் ஒரு நக்கல் விடுவார். அவர் உருண்டையை ஒரு தட்டில் எடுத்து வைத்தார். எறிய மனம் வரவில்லை. புது தண்ணீர் வைத்தார். மிச்சம் ஒரே கட்டு. இந்தத் தடவை சம்யுக்தா போனில் நேரம் வைத்தாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார், லைனில் புதிதாகச் சேர்ந்தவன் நிற்பதுபோல.

மூன்றரை நிமிடத்தில் மணி அடித்தது. வடித்து, ஐஸ் கட்டி போட்ட பேசினில் கொட்டி, துணி துவைப்பதுபோல இரண்டு கையாலும் கசக்கவேண்டும். மாவுப் பசை போகும்வரை விடக்கூடாது, அதில்தான் எல்லாம் இருக்கிறது என்பார் குவோன் சார். விரல் நுனி முதலில் வலித்தது, பிறகு விரல் இருப்பதே தெரியவில்லை. தண்ணீர் கலங்கியது, கொட்டினார், மறுபடி ஐஸ். எத்தனை கழுவினாலும் கொஞ்சம் கலங்கல் வந்துகொண்டே இருந்தது. சனிக்கிழமை. ஜூலை 25. குவோன் சார் பைபாஸ் ரோட்டில் கொரியர்கள் சாப்பிடும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார், வேறு யாரும் இல்லை, மொழிபெயர்க்கிற பையனைக்கூட வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அதில் கோதண்டபாணிக்கு உள்ளூர ஒரு பெருமை. பதினெட்டு டீம் லீடரில் மொழிபெயர்ப்பு இல்லாமல் ஜெனரல் மேனேஜரோடு உட்காரக்கூடியவர் அவர் ஒருவர்தான். இதே நூடுல்ஸ். பரிமாறுகிற பெண் கத்தரிக்கோலைக் கொண்டுவந்தாள். நீளமாக இழுத்துத் தின்னத் தெரியாதவர்களுக்கு அங்கே கிண்ணத்துக்குள்ளேயே கத்தரித்துக் கொடுப்பார்கள். குவோன் சார் அதை அவளிடமிருந்து வாங்கி, தன் கிண்ணத்தை விட்டுவிட்டு, எழுந்து, மேசைக்கு மேலே குனிந்து, தம்பியின் கிண்ணத்தில் தானே வெட்டினார். நீளவாக்கில் ஒன்று, குறுக்காக ஒன்று. அந்த இரண்டாவது வெட்டின்போதுதான், தலையைத் தூக்காமல், கொரிய மொழியில், "வியாழக்கிழமை பதினாலில் யார்?" என்று கேட்டார். கேட்டது ஆளை. கோதண்டபாணி சொன்னது இடத்தை. "பதினாலு ஏகாம்பரத்தின் ஸ்டேஷன்." பொய் இல்லை. எந்தக் கோவிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம். தன் கொரிய மொழிக்கு அவ்வளவுதான் எட்டியது, மாற்றி நிற்பதற்கெல்லாம் அதில் சொல் தெரியாது என்று பிறகு எத்தனையோ நாள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்கிறார். சொல் எதற்கு? "நான்" என்றால் போதும். பயிற்சியில் முதல் நாள் முதல் மணி நேரம் சொல்லித்தந்த சொல் அதுதான். பணிவாகச் சொல்ல ஒன்று, சமமாகச் சொல்ல ஒன்று என இரண்டு விதமாகச் சொல்லித்தந்தார்கள். இரண்டும் தெரியும். குவோன் சார் "நல்லது, சாப்பிடு" என்றார். கத்தரித்த நூடுல்ஸ் தொண்டையில் எந்தச் சிரமமும் இல்லாமல் இறங்கியது. கம்பெனி விசாரணை ஆகஸ்டில். அதே வாக்கியத்தைத் தமிழில் சொன்னார், யாரும் எழுதித்தரவில்லை, யாரும் மிரட்டவில்லை, மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, சொல்லிக் கையெழுத்துப் போட்டார். விசாரணை அதிகாரி ஒருவர் டீ வேண்டுமா என்று கேட்டார். நவம்பரில், லைனை வேண்டுமென்றே நிறுத்தினான் என்று ஏகாம்பரத்தை வெளியே அனுப்பினார்கள். சங்கத்துக்குக் கையெழுத்துப் போட்ட தாள்களை ஆள் ஆளாகக் கேன்டீன் குப்பையில் போட்டார்கள். குவோன் சார் அதற்கப்புறம் ஒரு நாளும் சாப்பிடக் கூப்பிடவில்லை, தம்பி என்றும் கூப்பிடவில்லை. பதவி உயர்வு வரும் என்று கோதண்டபாணி இரண்டு ஏப்ரல் காத்திருந்தார். 2017-இல் குவோன் சார் ஊருக்குத் திரும்பும்போது எல்லா லீடருக்கும் ஒரேமாதிரி ஒரு ஸ்டீல் கரண்டி கொடுத்தார். இப்போது வந்திருக்கும் மேனேஜருக்கு கோதண்டபாணி என்ற பெயரை உச்சரிக்க வராது, "கோ" என்கிறார். அந்த வாக்கியத்தை யாருக்காகக் காப்பாற்றுகிறோம் என்று யோசித்தால் யாருமே அந்த நாற்காலியில் இல்லை.

போன் அடித்தது. கை ஐஸ் தண்ணீரில். திரையில் ஏகா என்று வந்ததைப் பார்த்தார். எடுக்காதே என்று கண்ணால் காட்டினாரா, எடு என்று காட்டினாரா, அவருக்கே தெரியாது. சம்யுக்தா எடுத்துவிட்டாள். "ஏகா மாமாவா? அப்பா நூடுல்ஸ் செஞ்சிட்டிருக்காரு. ஆமா மாமா, சத்தியமா! ஒரு தடவை களி கிண்டிட்டாரு, இது ரெண்டாவது. மேல வாங்க." பதினொன்று இருபது. பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டான். வேலையில் இருந்தபோதும் அப்படித்தான், ஷிப்டுக்குக் கால்மணி முன்னால் வந்து துப்பாக்கியைத் துடைப்பான். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அக்குளில் வியர்வை, கையில் வக்கீல் கட்டிக்கொடுத்த பிளாஸ்டிக் பை. வேலை போனபிறகு குட்டியானை வண்டி வாடகைக்கு ஓட்டுகிறான். கழுத்து ஒரு பக்கம் மட்டும் கறுத்துவிட்டது. "என்ன லீடரே, சமையல் மாஸ்டர் ஆகிட்டீங்களா? கம்பெனில ஆள் குறைக்கிறாங்கன்னு சொன்னாங்க, நம்ப மாட்டேன்னேன்," என்று சிரித்துக்கொண்டே வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான். அது கோதண்டபாணியின் நாற்காலி. ஜன்னலைப் பார்த்தது. "சாப்டுட்டுத்தான் வந்தேன்," என்றான். "நடிக்காதீங்க மாமா," என்றாள் சம்யுக்தா.

ஒரு கட்டு, இரண்டு கிண்ணம். கோதண்டபாணி விரலால் பிரித்து வைத்தார், மேலே விழுது, வெள்ளரி, முள்ளங்கி, அரை முட்டை, ஐஸ் நாலு. தனக்குக் களியை எடுத்துக்கொண்டார். "ஏன் லீடரே அதைத் திங்கறீங்க, இதுல பாதி எடுத்துக்கங்க." "எனக்கு இதான் பிடிக்கும்." ஏகாம்பரம் ஒரு வாய் இழுத்தான். நூடுல்ஸ் முடியவே இல்லை, கிண்ணத்திலிருந்து வாய்வரை ஒரே நீளமாகப் போய்க்கொண்டிருந்தது, கண்ணை உருட்டினான். சம்யுக்தா விழுந்து விழுந்து சிரித்தாள். "கத்தரிக்கோல் எடுத்துட்டு வரேன் மாமா, அங்கெல்லாம் வெட்டித்தான் குடுப்பாங்களாம், இல்லப்பா?" என்று எழுந்தாள். "வேண்டாம்," என்றார் கோதண்டபாணி. குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. இருவரும் பார்த்தார்கள். "வெட்டினா ருசி போயிடும்" என்றார். ஏகாம்பரத்துக்கு மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிந்தது, சட்டையில் பட்டுவிடாமல் தலையை நீட்டி நீட்டிச் சாப்பிட்டான். "ஐயோ, ஐஸும் போட்டு மிளகாயும் போட்டு, இவனுங்க எதுலதான் நிக்கறானுங்க? ஆனா நல்லா இருக்கு லீடரே. வயித்துல சில்லுனு இறங்குது, நாக்குல தீ வெக்குது." சம்யுக்தா கேட்டாள், "மாமா, உங்க கேஸ் எப்ப முடியும்?" "இன்னிக்கு உங்கப்பா வாயைத் தொறந்தா அடுத்த வருஷம் இந்நேரம் நான் லைன்ல நிப்பேன்டா கண்ணு. அப்புறம் உங்கப்பா என்னை வெரட்டுவாரு, சீக்கிரம் போ, சீக்கிரம் வான்னு." களி வாயில் ஒட்டிக்கொண்டது. ஏகாம்பரம் துடைத்துக்கொண்டு குரலைத் தணித்தான். "லீடரே, ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். என்கொயரில நீங்க கையெழுத்துப் போட்டீங்களே, அது அவனுங்க டைப் அடிச்சு வெச்ச பேப்பர். எனக்குத் தெரியாதா? உங்க வாயிலேர்ந்து அது வராது. வீட்ல அவகூடக் கேட்டா, அந்த மனுசன நம்பியா போறேன்னு. நான் சொன்னேன், பதினாலுல எனக்கு பதிலா நின்னவர்டி அவரு, நின்னவர் சொல்லாம யார் சொல்லப்போறாங்கன்னு. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல." கோதண்டபாணி எழுந்தார். "கை கழுவிட்டு வந்திடறேன்," என்றார்.

குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, வாளிமேல் பட்டும் படாமலும் உட்கார்ந்தார். விரல்களில் சிவப்பு. கண்ணைத் தொடக்கூடாது என்று தெரியும், தொடவில்லை. கண் காய்ந்தே இருந்தது. அவன் திட்டியிருக்கலாம். ஏண்டா இப்படிப் பண்ணினே என்று சட்டையைப் பிடித்திருக்கலாம். அப்படிப் பிடித்திருந்தால் எளிதாகச் சொல்லிவிடலாம்: ஆமாம், யாரும் டைப் அடிக்கவில்லை, என் வாயிலிருந்துதான் வந்தது, அதற்கும் முன்னால் ஒரு கிண்ணம் நூடுல்ஸுக்கு நடுவில் வந்தது. அவன் மன்னித்துவிட்டான், அதுவும் தப்பான குற்றத்துக்கு. இனிமேல் சரியானதைச் சொன்னால் அந்த மன்னிப்பு என்ன ஆகும்? கோர்ட்டில் கம்பெனி வக்கீல் விடுவாரா? அப்படியானால் அன்றைக்கு ஏன் மாற்றிச் சொன்னீர்கள், யார் சொல்லச் சொன்னார்கள் என்று கேட்பார். யாரும் சொல்லச் சொல்லவில்லை. அதைத்தான் வெளியில் சொல்ல முடியாது. யாராவது மிரட்டியிருக்கக்கூடாதா? அம்மை போட்டதுபோல, மாமனார் செத்ததுபோல, தன் கையில் இல்லாத ஏதாவது ஒன்று நடந்திருக்கக்கூடாதா? தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "பதினாலில் நான் நின்றேன்." வந்தது. இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக. அதுவும் வந்தது. மூன்றாம் தடவை சொன்னபோது தேதியும் நேரமும்கூடச் சேர்த்துத் தடங்கல் இல்லாமல் வந்தது, கூண்டில் நிற்பதுபோல நிமிர்ந்துகூட நின்றார். இவ்வளவுதானா? இதற்கா நாலு வருடம்? வெளியே ஏகாம்பரம் ஏதோ சொல்ல, சம்யுக்தா சிரித்தாள். தன் நாற்காலியில் தன் மகளோடு தன் கிண்ணத்தில் சாப்பிட்டுக்கொண்டு தனக்குப் பதிலாக அவன் அங்கே இருக்கிறான், இந்தத் தடவை ஒன்றுக்குப் போனவன் தான்தான் என்று தோன்றியது. எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? உடம்புக் கடிகாரத்தை இனி நம்ப முடியாது. அங்கே இந்த நிமிடம் எதையாவது இழுக்கவேண்டி வந்தால் அவன் இழுப்பான், பிறகு யார் கேட்டாலும் நான்தான் இழுத்தேன் என்பான். அவனுக்கு அது ஒரு விஷயமே இல்லை. அதுதான் கோதண்டபாணிக்குப் பொறுக்கவில்லை. அவன் நல்லவனாக இருப்பதற்குக் கஷ்டப்படவே இல்லை. ஒரு நொடி அவன்மேல் சுத்தமான, சில்லென்ற வெறுப்பு வந்தது, வந்து போய்விட்டது. குழாயை மூடினார்.

"போலாமா லீடரே? ஸ்ரீபெரும்புதூர் தாண்டினா டிராபிக்," என்று ஏகாம்பரம் கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நின்றான். அவர் சாப்பிட்ட தட்டையும் அவனே கழுவியிருந்தான். "உங்களை யார் கழுவச் சொன்னது மாமா?" என்று சம்யுக்தா கத்திக்கொண்டிருந்தாள். "ஸ்டேஷனைச் சுத்தமா விட்டுட்டுப் போகலேன்னா உங்கப்பா திட்டுவாரும்மா." கோதண்டபாணி சட்டை மாற்றிக்கொண்டார். கம்பெனிச் சட்டை வேண்டாம் என்று எடுத்ததை மடித்து வைத்துவிட்டு, வெளிர்நீலச் சட்டையைப் போட்டார். மேசையில் அவர் எடுத்து வைக்காத கத்தரிக்கோல் எப்படியோ இருந்தது, சம்யுக்தா எடுத்து வந்திருக்கவேண்டும், அதை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். படி இறங்கும்போது முழங்கால் வலித்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஏகாம்பரம் தன் பக்கத்துத் துண்டை எடுத்து அவர் பக்கம் வெயில் படாமல் ஜன்னலில் சொருகினான். "வக்கீல் சொன்னாரு, நீங்க ஒரே ஒரு வரி சொன்னா போதுமாம்." "ம்," என்றார் கோதண்டபாணி. வாயில் பூண்டு. நாக்கின் நடுவில் எரிச்சல் நின்றுவிட்டிருந்தது, ஓரங்களில் மட்டும் இருந்தது. 12.04. வண்டி பைபாஸில் அந்தக் கொரியக் கடையைத் தாண்டியது, இப்போது அங்கே ஒரு செல்போன் கடை. அவர் வாய்க்குள் வாக்கியத்தை வைத்துக்கொண்டு போனார். இரண்டு வாக்கியங்கள் இருந்தன, ஒன்று புதியது, ஒன்று பழக்கமானது.

2019 டிசம்பர் 4, புதன்கிழமை, தொழிலாளர் நீதிமன்றம் ஏகாம்பரத்தின் மனுவைத் தள்ளுபடி செய்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை, ஏப்ரல் 23 அன்று, மனுதாரர் தரப்பில் விசாரிக்கப்பட்ட ஒரே சாட்சி, சம்பவத்தன்று பதினாலாம் ஸ்டேஷனில் இருந்தது யார் என்ற கேள்விக்கு, "பதினாலு ஏகாம்பரத்தின் ஸ்டேஷன்" என்று பதில் சொன்னதாகத் தீர்ப்பின் ஒன்பதாம் பத்தியில் பதிவாகியிருக்கிறது.